மடக்கக் கூடாத முழங்கால்

என் கணவரின் வலது முழங்காலைப் பத்து நாள் மடக்கவிடாமல் காத்தவள் நான். ஒரே ஒரு தடவை தவறவிட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்துக் கரைசேர்த்திருக்கிறேன். இருந்தாலும், நீ செய்த பெரிய காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்த முழங்காலைத்தான் சொல்வேன். பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் அதே துறைமுகத்தின் வாசலில், உள்ளே வருகிற ஆட்களுக்கும் லொறிகளுக்கும் நுழைவுப் பாஸ் எழுதிக்கொடுக்கிற அலுவலகத்தில் இருந்தேன். பாஸ் இல்லாவிட்டால் மந்திரியின் மச்சானுடைய லொறியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒருநாள் பாஸைத் தொலைத்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்ற இவரையும் திருப்பி அனுப்பினேன். அடுத்த வருடம் கலியாணம். நாங்கள் இருக்கிற கொட்டாஞ்சேனையில் என்னை மூக்கு நுனியில் கோபம் உள்ளவள் என்பார்கள். இவரைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நான் ஒன்று சொல்வேன்: இவரால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. பென்சன் எடுத்த பிறகு காலையில் பூசை, மாலையில் செபமாலை, நடுவில் கடை, சந்தை, பக்கத்து வீட்டுக் குழாய் திருத்தம் என்று ஓடிக்கொண்டே இருப்பார். யாராவது வீட்டுக்குள் வந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். தபால்காரருக்கும் எழும்புவார்.

ஒரு சனிக்கிழமை நெஞ்சு எரிகிறது என்றார். நான் வைத்த இறால் குழம்பின் மேல் பழியைப் போட்டார். காஸ்ட்ரிக் என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். நான் இஞ்சி அவித்துக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் மாரடைப்பு எப்போதும் காஸ்ட்ரிக் என்ற பெயரில்தான் வீட்டுக்குள் வருகிறது. ஞாயிறு பூசைக்கும் போய்வந்தார். திங்கட்கிழமை காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே குந்திவிட்டார். மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. த்ரீவீலரில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளை மாதிரி வயசு. ஆனால் சுற்றிவளைக்காமல் பேசினார்.

"ஹார்ட் அட்டாக்கோட ரெண்டு நாள் வீட்டில வைச்சிருந்திருக்கிறியள் அம்மா. இதயத்துக்கு நடுவில இருக்கிற சுவர் பழுதாகி ஓட்டை விழுந்திட்டுது."

"தைக்க ஏலாதா டொக்டர்?"

"தைக்கலாம். இண்டைக்குத் தைச்சா நனைஞ்ச கடதாசியில தையல் போட்ட மாதிரி, நூல் நிக்காது, கிழிஞ்சிடும். ஒரு கிழமை போனா அந்த இடம் கொஞ்சம் இறுகும். அதுவரைக்கும் இதயம் தாக்குப்பிடிக்கோணும். தனியத் தாக்குப்பிடிக்காது."

"அப்ப யார் பிடிக்கிறது?"

"ஒரு மெசின் பிடிக்கும். அது சுகப்படுத்துற மெசின் இல்லை அம்மா. நாள் வாங்கித் தாற மெசின்."

நாள் வாங்கித் தருகிற மெசின் என்பது எனக்கு விளங்கிற்று. ஒரு திங்கட்கிழமையிலிருந்து அடுத்த திங்கட்கிழமை வரை, ஏழு நாள். இவரை நான் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

வலது தொடையின் நாடி வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே, நெஞ்சு வரைக்கும் விட்டிருந்தார்கள். அதன் நுனியில் பிஞ்சுப் புடலங்காய் அளவில் ஒரு பலூன். கட்டிலின் கால்மாட்டில் சில்லு வைத்த சின்ன அலுமாரி போல ஒரு மெசின் நின்று, அந்தப் பலூனை ஊதிக்கொண்டும் சுருக்கிக்கொண்டும் இருந்தது. இதயம் ஓய்கிற நேரம் பலூன் விரிந்து இரத்தத்தைத் தள்ளிக் கொடுக்கும். இதயம் தள்ளுகிற நேரம் சட்டென்று சுருங்கி வழி விட்டுவிடும். முன்னுக்கு ஓர் ஆள் கைவண்டியை இழுக்க, பின்னால் இன்னோர் ஆள் தள்ளிக்கொடுக்கிற மாதிரி என்று நான் எனக்குள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு துடிப்புக்கும் டக், டக் என்று அது அடிக்கிற சத்தம் கதவுக்கு வெளியேயும் கேட்கும்.

அந்த வார்டில் இருந்த சிங்களத் தாதி கெட்டிக்காரி. எனக்கு அவளைக் கண்ட உடனேயே பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அவளும் என்னைப் போலச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்பவள்.

"அங்கிள், கக்குல நவன்ன எப்பா. கால் மடக்க வேணாம். சரியா? எழும்ப வேணாம். சரியா?" பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கால் மடக்கினா டியூப் மடங்கும். டியூப் மடங்கினா மெசின் நிக்கும்."

மெசின் நின்றால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உள்ளே போக ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு அட்டை. காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம், அட்டை கழுத்தில் இருப்பவர்தான் போகலாம். இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து அட்டையை அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுப்பார். அவர் வந்து இன்னொருவருக்குக் கொடுப்பார். அப்படியே பாதி கொட்டாஞ்சேனை உள்ளே போய்வந்துவிடும். நோயாளியைப் பார்க்காமல் திரும்புவது பாவம், பார்க்கவிடாதது அதைவிடப் பாவம். செத்த வீட்டிலும் சொல்லிக்காட்டுவார்கள்.

நான் அட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை. இவர் யார் வந்தாலும் எழும்புகிற ஆள் என்று எனக்குத் தெரியும். துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள் அப்பிளும் நெஸ்டமோல்ட் மாவுமாக வந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து என் அண்ணன் குடும்பம் செவ்விளநீர்க் குலையோடு வந்தது. மாதா சபைப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரையும் வார்டு வாசலில் கிடந்த நீள வாங்கில் இருத்தி, கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி, திருப்பி அனுப்பினேன்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டானாம்," என்று இவருடைய கூட்டாளி ஒருவர் எனக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார்.

"பாஸ் இல்லாட்டி பூசாரி விடமாட்டா," என்றேன். அந்த மனுசன் சிரித்துவிட்டுப் போனார். என் அண்ணி சிரிக்கவில்லை. இன்றுவரைக்கும் முகம் நேராக இல்லை. போகட்டும்.

நான் திருப்பி அனுப்ப முடியாத ஆள் ஒருவர் இருந்தார். இவருடைய அக்கா, என் மச்சாள். தாய் செத்தபோது இவருக்குப் பத்து வயது. கலியாணமும் கட்டாமல் இவரை வளர்த்து ஆளாக்கியவர் மச்சாள்தான். அவர் அட்டை கேட்கவில்லை. வாங்கில் என் பக்கத்தில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டு, புதன்கிழமை காலையில் ஒரே ஒரு விசயம் கேட்டார்.

"தங்கச்சி, தம்பிக்கு நன்மை குடுக்க வேணாமா? மூண்டு நாளாச்சு. ஏதும் ஒண்டு நடந்தா?"

ஆண்டவரின் உடலாக நாங்கள் வாங்குகிற அப்பத்தை, திவ்விய நற்கருணையை, நன்மை என்போம். மச்சாள் கேட்டது நியாயம். இவர் ஒருநாளும் அது இல்லாமல் இருந்ததில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. பங்குச் சுவாமியாருக்கு நானே போன் எடுத்தேன். தாதியிடம் அனுமதியும் நானே கேட்டேன். பின்னேரம் சுவாமியாரை நானே கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கிய இடம் இதுதான். எங்கள் வீடுகளுக்கு நன்மை வருகிறது என்றால் மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, வீட்டில் உள்ள அத்தனை பேரும் முழங்காலில் நிற்போம். எழும்ப முடியாத நோயாளியைக்கூட இரண்டு பேர் தாங்கி நிமிர்த்தி வைப்பார்கள். ஆண்டவர் வரும்போது படுத்திருக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி. அது மூளையில் இல்லை, முழங்காலில் இருக்கிறது.

சுவாமியார் சின்னச் சிமிழைத் திறந்து அப்பத்தை உயர்த்திப் பிடித்தார். நான் என்ன செய்தேன்? கட்டிலின் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டேன். ஊரையே வாசலில் நிறுத்திக் காவல் காத்தவள், வேண்டிய நேரத்தில் கண்ணை மூடிவிட்டேன்.

மெசின் அலறிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். இவர் இரண்டு முழங்கையையும் ஊன்றிப் பாதி எழும்பியிருந்தார். வலது காலை மடக்கி உடம்புக்குக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். முழங்காலில் நிற்கப் பார்க்கிறார்! முகத்தில் அப்படி ஒரு பணிவு. டக், டக் சத்தம் இல்லை. அது இல்லாத அந்த அமைதியை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

தாதி பாய்ந்து வந்து சுவாமியாரைத் தோளால் ஒதுக்கித் தள்ளி, இவரைச் சாய்த்து, முழங்காலின் மேல் தன் முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். திரையில் இலக்கங்கள் விழுந்துகொண்டிருந்தன. இவருடைய கண் ஒருமாதிரி மேலே போயிற்று. இன்னொருவர் ஓடிவந்து குழாயைப் பார்த்து, நேராக்கி, மெசினில் எதையோ அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். டக். பிறகு இன்னொரு டக். இலக்கங்கள் மெதுவாக ஏறின. அந்தக் கால் குளிர்ந்துபோய் இருந்தது; பாதத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்து நாடியைத் தேடினார்கள். அது கிடைத்து 'ஷூ, ஷூ' என்று கேட்கும் வரைக்கும் நான் தரையிலிருந்து எழும்பவில்லை.

டொக்டர் வந்து, "ஆர் இவரை எழும்பச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான் கவனிக்கேல்ல, டொக்டர்," என்றார் சுவாமியார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பாதரில்ல. நான்தான்," என்றேன். "நான்தான் கூட்டிக்கொண்டு வந்தது. நான்தான் கண்ணை மூடினது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அந்தக் களேபரத்தில் இவருக்கு நன்மை கிடைக்கவில்லை. சுவாமியார் அப்பத்தைச் சிமிழுக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டார். வெளியே மச்சாள் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். இனிச் சத்திரசிகிச்சை முடியும் வரைக்கும் நன்மையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"அப்ப என்ட தம்பி நன்மை எடுக்காமச் சாகிறதா?"

"சாகமாட்டார் மச்சாள்."

"நீ யார் அதைச் சொல்ல?"

மச்சாள் எழும்பிப் போய் வாங்கின் மற்ற முனையில் இருந்தார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் கோயில் வாசலில், புருசனுக்கு ஆண்டவரையே மறித்தவள் என்று என்னைப் பற்றிக் கதை போயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்குப் பயமில்லை. சத்திரசிகிச்சைக்கு மிச்சமிருந்த நான்கு நாளுக்குள் இவர் போய்விட்டால், கடைசியாக ஆசைப்பட்டதை மறித்தவள் நான்தான் என்று மிச்ச வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். "ஆண்டவரே, நீர் கொஞ்சம் பொறும், உமக்கு அவசரமில்லை," என்று அவரிடமே சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

இவரிடம் அவ்வளவு மரியாதை காட்டவில்லை. அடுத்த நாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தேன்.

"நேத்து என்ன வேலை பார்த்தீங்க தெரியுமா?"

"ஆண்டவர் வரக்குள்ள படுத்திருக்கிறதா?" என்றார். குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது.

"படுத்திருங்க. கால் மடங்கினா மெசின் நிக்கும். மெசின் நிண்டா நான் விதவை. அவ்வளவுதான். இனி ஆண்டவர் வந்தாலும் சரி, போப்பாண்டவர் வந்தாலும் சரி, இந்தக் கால் இப்பிடியே இருக்கோணும்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. "சரி," என்றார்.

அந்த ஒரு சொல்லை இவர் காப்பாற்றிய விதத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். கணுக்காலைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், உண்மைதான். ஆனால் துணி என்ன செய்யும், மனுசன் நினைக்காவிட்டால்? முதுகு புண்ணாகிற அளவுக்கு ஒரே கிடை. இடுப்பு உளைச்சல், கால் விறைப்பு. வார்டு டொக்டர்மார் கூட்டமாக வருவார்கள், எழும்பமாட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் வயதான தாய் வந்து நின்று விசாரிப்பார், எழும்பமாட்டார். எழும்பாமல் இருப்பதற்கு இவர் பட்ட பாடு நெற்றியில் வியர்வையாகத் தெரியும். வாழ்க்கை முழுக்கக் கால் தரையில் பாவாமல் திரிந்த மனுசன், ஒரு கட்டையைப் போலக் கிடந்தார். நாற்பது வருடத்தில் இவரைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. தாதியிடமும் சொன்னேன்.

"அங்கிள் இப்ப நல்ல பிள்ளை," என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை வந்தது. ஏழு நாள் வாங்கியாயிற்று. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக ஒரு மணித்தியாலம் இருக்கும்போது வாசலில் பார்த்தால் சுவாமியார் நிற்கிறார். நான் கூப்பிடவில்லை. மச்சாள் கூப்பிட்டாரோ, தானாக வந்தாரோ, தெரியாது. உள்ளே போகாமல் என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இண்டைக்கு எனக்குப் பாஸ் கிடைக்குமா?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் செபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிபந்தனை பாதர். நான் முழங்காலில நிக்கமாட்டன். கண்ணும் மூடமாட்டன். இவற்ற காலைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

"ஆண்டவர் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றார் சுவாமியார்.

கட்டிலின் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் இவருடைய வலது முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் நன்மையின் முன்னால் நின்றபடி, கண்ணைத் திறந்தபடி இருந்தது அந்த ஒருநாள்தான். சுவாமியார் அப்பத்தை உயர்த்தினார். என் கைக்குக் கீழே இவருடைய தொடை ஒருதடவை இறுகிற்று. முழங்கால் எழும்பப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது, இவருக்கும் தெரிந்தது. நான் அழுத்துவதற்கு முன்னமே இவர் அடக்கிக்கொண்டார். மெதுவாக அந்தத் தசை இளகிக் கட்டிலில் படிந்தது. படுத்தபடியே வாயைத் திறந்தார். மெசின் ஒரு துடிப்பும் தவறவில்லை.

பத்து நிமிசத்தில், மெசினும் ஆளுமாக, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானம் தாண்டிய பிறகு டொக்டர் வெளியே வந்தார். தையல் கிழியாமல் நின்றுவிட்டது என்றார். ஆனால் இதயம் களைத்திருக்கிறது, தனியாக ஓடுமா என்று மெசினைக் குறைத்துப் பார்த்தால்தான் தெரியும், சில நாள் பொறுக்க வேண்டும் என்றார். தையல் நல்லாக இருந்து இதயம் ஓடாவிட்டால் என்ன என்று நான் இந்த முறை கேட்டேன். அவர் உண்மையைச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை குறைத்துப் பார்த்தார்கள். அன்றைக்குத் தாங்கினார், பின்னேரமே குழாயை எடுத்துவிட்டார்கள். ஆனால் பின்னேரத்தை விட அந்தக் காலைதான் எனக்கு நினைவில் நிற்கிறது. தாதி கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். வாங்கின் மற்ற முனையைப் பார்த்து, "அந்த ஆன்ட்டியும் வரட்டும்," என்றாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போய்க் கால்மாட்டில் நின்றோம். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். கால் நேராகக் கிடந்தது.

இதுவரைக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் மெசின் கைகொடுத்தது, இப்போது மூன்றுக்கு ஒன்றுதான் கொடுக்கிறது என்று தாதி சொன்னாள். திரையில் ஓடுகிற சிவப்புக் கோட்டைக் காட்டினாள். இரட்டை மேடாக எழும்பினால் இரண்டாவது மேடு மெசினுடையது. ஒற்றை மேடாக எழும்பினால் அதில் மெசின் இல்லை. சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

மச்சாளுக்குப் பார்வை மங்கல். திரைக்குக் கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். எட்டு நாளில் முதல் தடவையாக என்னோடு கதைத்தார்.

"தங்கச்சி, இதில தம்பி எது?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். ஒற்றை மேடு ஒன்று எழும்பிற்று, பெரிதாக இல்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"இது தம்பி," என்றேன். "இதுவும் தம்பி."

மூன்றாவதாக இரட்டை மேடு ஒன்று போயிற்று. அதை இரண்டு பேரும் பொருட்படுத்தவில்லை. மச்சாள் என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் காட்டச் சொன்னார், காட்டினேன்.